நட்சத்திரத் திருகாணிப் பரணி

பதினேழு பவுண்டு அறுபது பென்ஸ் கடனைப் பத்தொன்பது ஆண்டுகள் தலையில் சுமந்தும் கழுத்து வளையாத காவலனே, பேருந்துப் பணிமனையில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆணி முடுக்கி முடுக்கி முழங்கை தேய்ந்த மொய்ம்பனே, எண்ணெய்க் கறையென்னும் திலகம் ஒருநாளும் நெற்றி நீங்காத நெடியோனே, பெயரைச் சொல்லும்போதே நாக்கு மூன்று இடத்தில் முட்டிக்கொள்ளும் டெஸ்மண்ட் பிக்கர்ஸ்கில் என்னும் பெருந்தகையே, வாழ்க! நின் தொப்பி வாழ்க! தொப்பியின் உள்மடிப்பில், கட்டிய மனைவியும் அறியாமல், நான்காய் மடிந்து துயில்கொண்டிருந்த இருபது பவுண்டுத் தாளும் வாழ்க!

களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனுக்கே பரணி பாடுவது வழக்கம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். இந்த மேட்டில் யானைக்கு எங்கே போவது? மழையும் செம்மறியும்தான் உண்டு. இங்கே வீழ்ந்தது ஒரே ஒரு திருகாணி. நீளம் அரை அங்குலம். ஆனால் யானை விழுந்தால் ஊரே ஓடிவந்து பார்க்கும். திருகாணி விழுந்தால் அதைத் தொலைத்தவன் ஒருவன்தான் மண்டியிட்டுத் தேடுவான். அப்படி மண்டியிட்டவன் பெருமையைப் பாடப் பெரிய படிப்பு வேண்டாம், முட்டிவலி இருந்தால் போதும் என்று துணிந்து தொடங்குகிறேன். குற்றமிருந்தால் பொறுங்கள்; பொறுக்க முடியாவிட்டால் விதிப்படி எழுத்தில் கொடுங்கள்.

முகில் குனிந்து புல் மேய, செம்மறி நிமிர்ந்து முகிலை மேயும் பிராக்கன்லோ மேட்டிலே, ஆகஸ்ட் மாதத்து முதல் சனிக்கிழமைதோறும், தொண்ணூறும் நூறும் வயதாகிய பந்தயக் கார்கள், கிழட்டுச் சிங்கங்கள் குகைக்குத் திரும்புவதுபோல் உறுமியும் இருமியும் புகைந்தும் ஒன்றன்பின் ஒன்றாய் ஆயிரம் கஜம் மலையேறும். யார் விரைந்து ஏறினார் என்பதற்கு ஒரு கோப்பை உண்டு. அதை வாங்குகிறவரைக் கூட்டம் இரக்கத்தோடு பார்க்கும். காரில் எதையோ மாற்றியிருப்பார் என்று எண்ணிக்கொள்ளும்.

மெய்யான கோப்பை வேறு. வெள்ளி முலாம் பூசிய, ஒரு காது உடைந்த சர்க்கரைக் கிண்ணம் அது. பட்டறையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ, அன்றைய ஆணியும் அன்றைய தோலும் அன்றைய முனகலும் மாறாமல் இன்றும் அப்படியே இருக்கும் காருக்கு அந்தக் கிண்ணம். 1931-இல் பிறந்த காரில் 1933-இன் வளையம் இருந்தால் அது பிழை. 1940-இன் குழாய் இருந்தால் அது பாவம். போருக்குப் பிறகு வந்த ஏதேனும் இருந்தால் அதற்குப் பெயரே கிடையாது. பெரியவர்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். ஒவ்வொரு காருக்கும் ஒரு பிறப்புச் சீட்டு உண்டு. இன்ன நாளில் இன்ன உறுப்புகளோடு பிறந்தது என்று சங்கம் முத்திரை குத்திக் கொடுக்கும் சீட்டு. அது கிழிக்கப்பட்டால் அந்தக் கார் மேட்டில் ஏற முடியாது; சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகலாம்.

அந்தக் கிண்ணத்தின் மரப்பீடத்தில், வென்றோர் பெயர் வெட்டும் தகடுகள் நிறைந்து, இந்த ஆண்டு ஒரே ஒரு தகடுதான் வெறுமையாய்க் கிடந்தது. அதில் ஏறும் பெயரே இறுதிப் பெயர். பிறகு கிண்ணம் சங்கத்தின் கண்ணாடி அலமாரிக்குள் போய், உலகம் உள்ளளவும் அங்கேயே கறுத்துக்கொண்டிருக்கும். முந்தைய தகடுகளில் பதினொன்றில் ஒரே பெயர்: கிளைவ் கார்ஸ்டாங். டெஸ்மண்ட் பிக்கர்ஸ்கில் என்ற பெயர் ஒன்றில்கூட இல்லை.

கிளைவ் கார்ஸ்டாங் யாரென்றால், கறிக்கடை வைத்து ஓய்ந்தவன்; தொங்கவிட்ட பன்றித் தொடையோ என்று ஐயுறத்தக்க முன்கையோன்; சிரித்தால் மூன்று வரிசை தள்ளி நிற்கும் காரின் கதவு அதிரும் குரலோன். கொல்லன் கிரிம்ஷா 1931-ஆம் ஆண்டில் அடித்த கார்கள் மொத்தம் நான்கு. இரண்டு எரிந்து போயின. மிஞ்சியவற்றில் சிவப்பு கிளைவுடையது, கறுப்பு டெஸ்மண்டுடையது. ஒரு கொல்லன் வயிற்றில் பிறந்த இரண்டு இரும்புப் பிள்ளைகளை வளர்த்த அவ்விருவரும், ஒரு காலத்தில் ஒரே தட்டில் வறுத்த மீன் தின்றவர்கள்.

பகை வந்த வரலாறு சுருக்கமானது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், மழை நாளொன்றில், இருவரும் பழைய உதிரிகள் விற்கும் சந்தைக்குப் போனார்கள். அங்கே, தலையில் ஒற்றைக் கோடாய்ப் பள்ளம் வெட்டிய பழங்காலத் திருகாணிகள், யார் கையும் படாமல், தொண்ணூற்றாறு கொண்ட ஒரு பெட்டி கிடைத்தது. விலை முப்பத்தைந்து பவுண்டு இருபது. கிளைவ் கொடுத்தான். ஆளுக்கு நாற்பத்தெட்டு என்று பிரித்துக்கொண்டார்கள். அன்று மாலை கிளைவ் பாதிப் பணம் கேட்டான். டெஸ்மண்ட் தன் பங்கை எண்ணிப் பார்த்துவிட்டு, ஆறு ஆணி இரும்பல்ல, பித்தளை. மாற்றிக் கொடு, பணம் தருகிறேன் என்றான். பணத்தைக் கொடு, மாற்றித் தருகிறேன் என்றான் கிளைவ். இரண்டு மூட்டைக்காரர்கள் ஒற்றைப் பலகைப் பாலத்தில் எதிரெதிரே வந்து நின்றதுபோல அன்று நின்றவர்கள், இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த நாற்பத்தெட்டையும் டெஸ்மண்ட் ஒரு புகையிலை டின்னில் போட்டு, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டினான். அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தன் காரில் போட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகிவிடும். சரக்கை ஏற்றால் கடனை ஏற்றதாகிவிடும். ஆகவே ஒன்றையும் தொடவில்லை. தன் காருக்கு வேண்டிய ஆணிகளைத் தானே இரும்புக் கம்பியிலிருந்து இரவு பகலாய் அராவிச் செய்தான். விரல்கள் கொப்பளித்தன, நெஞ்சு குளிர்ந்தது. டின் மட்டும் வழக்கின் சாட்சியாய், அவன் போகும் இடமெல்லாம் சட்டைப்பையில் கலகலத்துக்கொண்டு கூடவே போனது. தேவாலயத்துக்கும் போனது.

இன்னொன்றும் இங்கே சொல்லிவிட வேண்டும். தான் முடுக்கிய ஆணி எதுவானாலும் அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு வைப்பது டெஸ்மண்டின் பழக்கம். அது பேருந்துப் பணிமனை வழக்கம்: பொட்டு விலகியிருந்தால் ஆணி நெகிழ்ந்தது என்று பொருள். அவன் வீட்டுக் கதவுக் கீல்கள், துணிக்கொடிக் கம்பம், தோட்டத்து நாற்காலி, அவன் மனைவி மோரீனின் தையல் இயந்திரம் எல்லாம் திருவிழாவுக்குக் கிளம்பியவைபோல மஞ்சள் பொட்டிட்டு நிற்கும். அந்த மேட்டில் அந்தப் பொட்டு வைப்பவன் அவன் ஒருவனே. தொன்மைக்கு ஆகாதென்று பந்தயக் காருக்குப் பொட்டிடுவதை மட்டும் பிற்காலத்தில் விட்டுவிட்டான். பையில் வண்ணச் சிமிழ் இருக்கும்; கை அவ்வப்போது தேடும்.

சனிக்கிழமை விடிந்தது. மழை, தன் கடமையைச் செய்து முடித்த கூலிக்காரனைப்போல் ஓரமாய்ப் போய் உட்கார்ந்தது. புல்வெளியில் சிவப்பும் கறுப்பும் அருகருகே நிறுத்தப்பட்டன. தள்ளியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். பகைவர் இருவரும் பத்தொன்பது ஆண்டுகளாக நேரில் பேசுவதில்லை. பேச்செல்லாம் மோரீன் வழியாகத்தான்.

"மோரீன், உன் வீட்டுக்காரரு இன்னிக்கும் அந்த டின்னத் தூக்கிட்டு வந்திருக்காராம்மா?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டான் கிளைவ்.

"மோரீன், அவர் கேட்டா சொல்லு. கேஸ் முடியற வரைக்கும் சாட்சி கூடவேதான் வரும்."

"மோரீன், கடைசித் தகட்டுல எம்பேரு எழுத இடம் பத்துமான்னு உன் வீட்டுக்காரர அளந்து பாக்கச் சொல்லு. அராவுறதுல கெட்டிக்காரராச்சே!"

"உங்க ரெண்டு பேருக்கும் காது இருக்கு," என்றாள் மோரீன். "எனக்குத்தான் ரொட்டி வெட்டுற வேல இருக்கு. நகருங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க."

பதினொரு மணி. கறுப்புக் காரின் சக்கரத்தோரம் மடக்கு நாற்காலியில் வீற்றிருந்த நம் வீரன், வலக்கையில் பன்றிக்கறிப் பண்டமும், இடக்கையில் வினிகரில் ஊறிய வெங்காயம் குத்திய முள்கரண்டியுமாக, போருக்குமுன் உண்டாட்டு நிகழ்த்தும் வேந்தனெனத் திகழ்ந்தான். அப்போது ஊழ் குறுக்கிட்டது. முள்ளிலிருந்து நழுவிய வெங்காயம், வில்லிலிருந்து விடுபட்ட அம்பேபோல், அம்பிலும் சற்றே மெதுவாக, புல்லில் உருண்டு உருண்டு பகைவனின் எல்லைக்குள் புகுந்து, சிவப்புக் காரின் அடிவயிற்றுக்குக் கீழே போய் நின்றது. வீழ்ந்த வீரனைக் களத்தில் விட்டு வருவது மறக்குடிக்கு இழுக்கு. மேலும், அது அவனுடைய கடைசி வெங்காயம். டெஸ்மண்ட் தவழ்ந்தான். எழுபத்தொரு வயது முதுகு ஒவ்வொரு எலும்பாகத் தன் எதிர்ப்பைப் பதிவுசெய்தது. வெங்காயத்தைப் பற்றினான், வாயிலிட்டான், மென்றபடி ஒருகணம் மல்லாந்தான்.

மல்லாந்தவன் மெல்லுவதை நிறுத்தினான்.

அங்கே, எண்ணெய்த் தொட்டியின் அடித்தகட்டில், வரிசையாய் ஒற்றைக் கோட்டுத் தலைகள் பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில், பதினொன்று அப்படியே இருக்க, மூலையில் ஒன்று நட்சத்திரம்போல் குறுக்கும் நெடுக்குமாய் வெட்டிய தலையோடு அவனைப் பார்த்துச் சிரித்தது. கொல்லன் கிரிம்ஷா இந்தக் காரை அடித்த நாளில் அப்படியொரு தலை எந்தப் பட்டறையிலும் கிடையாது. பேரன் பிறக்குமுன் பாட்டன் மடியில் பேரன் உட்கார்ந்திருப்பதுபோன்ற கொடுமை அது! பத்தொன்பது ஆண்டுகள் மசகுச் சேற்றில் மறைந்திருந்த அந்தக் களவு, இறுதித் தகட்டு ஆசையால் கிளைவ் இவ்வாண்டு காரின் வயிற்றையும் கழுவத் தொடங்கி, பாதி கழுவியதும் இடுப்பு பிடித்து எழுந்துவிட்டதால், பாதி வெளிப்பட்டுக் கிடந்தது.

மலையைப் புரட்டி மாணிக்கம் கண்டவன் ஆடுவானா? ஆடுவான். ஆனால் காருக்கு அடியில் ஆட இடமில்லை. டெஸ்மண்ட் தவழ்ந்தே வெளியேறி, மோரீனின் குறுக்கெழுத்துப் புதிர்ப் பேனாவைப் பறித்து, ரொட்டி சுற்றிவந்த காகிதத்தின் எண்ணெய் படாத பக்கத்தைப் புல்லில் விரித்து, வெற்றி முரசு நெஞ்சில் முழங்கப் பின்வருமாறு எழுதினான்:

‘பிராக்கன்லோ மேட்டின் அறங்கூறும் அவையே! சிவப்பு கிரிம்ஷாவின் வயிற்றிலே, அது பிறந்த நாளில் உலகிலில்லாத நட்சத்திரத் திருகாணி ஒன்று குடிகொண்டிருத்தலைக் கண்ணாரக் கண்டேன். அதன் பிறப்புச் சீட்டைக் கிழித்தெறிந்து தொன்மை காக்க வேண்டுமெனக் கட்டணத்தோடு கோருகிறேன்.’

எதிர்ப்புக் கட்டணம் இருபது பவுண்டு. புகார் மெய்யானால் திரும்பக் கிடைக்கும். பொய்யானால் சங்கத்தின் கூரை ஒழுகலுக்குப் போகும். டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றினான். நான்காய் மடிந்த தாள் வெளியே வந்தது.

"இருபது பவுண்டா?" என்றாள் மோரீன். "போன வாரம் குடை வாங்கக் காசில்லன்னீங்க."

"இது குடைக்குன்னு வெச்ச காசு இல்ல. அறத்துக்குன்னு வெச்சது."

"அப்ப மழ பேஞ்சா அறத்தப் பிடிச்சுக்கங்க."

எதிர்ப்பு போய்ச் சேர்ந்தது ஹில்டா ப்ரூமிடம். யார் அவள்? எண்பத்தொரு வயதுப் பெருமாட்டி. கிராமத்து அஞ்சலகத்தை முப்பது ஆண்டு ஆண்டவள். ஒட்டாத தபால்தலையைப் பார்வையாலேயே ஒட்ட வைத்தவள். இப்போது மேட்டின் கார்ச் சோதனைத் தலைவி. ஒரு கையில் டார்ச்சு விளக்கு, மறு கையில் கோல் நுனியில் கட்டிய கண்ணாடி, கழுத்தில் நூலில் தொங்கும் விதிப்புத்தகம் என மூன்று படைக்கலம் தாங்கி அவள் குனிந்தால், காரின் சொந்தக்காரன் மூச்சை அடக்குவான். அன்று அவள் குனியவில்லை. புல்லில் சாக்கு விரிக்கச் சொல்லி, நேராகப் படுத்து, உள்ளே போனாள். கூட்டம் கூடியது. கிளைவின் முகம், அவனுடைய பழைய கடைச் சரக்கின் நிறங்களை ஒவ்வொன்றாய்க் காட்டியது.

"ஹில்டாம்மா, அங்க ஒண்ணும் இருக்காதும்மா. நா ஒவ்வொண்ணா மாத்தினவன்."

"வாய மூடிட்டு டார்ச்சப் பிடி, கிளைவ். ஆங். ஸ்டாரேதான்."

கூட்டத்தில் இருபது தொண்டைகள் ஒரே நேரத்தில் கனைத்தன. இருபது முகங்கள் செம்மறிகளைப் பார்க்கத் திரும்பின. டெஸ்மண்ட், பகைவன் கோட்டையில் தன் கொடி ஏறக் கண்டவன்போல, தொப்பியைச் சற்றே சாய்த்து வைத்தான். ஐயோ, வீரனே! அந்தச் சாய்வு அத்துணை நேரம் நிலைத்திருக்கக் கூடாதா?

"இரு, இரு," என்றது காருக்கு அடியிலிருந்து வந்த குரல். "கந்தல் ஒண்ணு குடு. மசகத் துடைக்கணும்."

முகில் விலக முழுமதி தோன்றுமாபோல், திரை விலகக் கூத்தன் தோன்றுமாபோல், கந்தல் விலக, நட்சத்திரத் தலையின் ஓரத்திலே, பத்தொன்பது ஆண்டு மசகின் காவலில் சற்றும் மங்காமல், மஞ்சளாய் ஒரு பொட்டு தோன்றியது.

ஹில்டா வெளியே வந்தாள். எழுந்து நிற்க நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"இது யாரோட மஞ்சள்?"

மோரீன் ரொட்டி வெட்டுவதை நிறுத்தினாள். அவளுக்குத் தன் தையல் இயந்திரம் நினைவுக்கு வந்தது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு, டெஸ்மண்ட் எப்போதோ சரிசெய்து கொடுத்த தங்கள் வீட்டு வாயிற்கதவு நினைவுக்கு வந்தது. எய்த கணை உலகைச் சுற்றி வந்து எய்தவன் முதுகிலேயே தைத்த கதை கேள்விப்பட்டிருக்கிறோம், அன்று கண்டோம்.

டெஸ்மண்டுக்கு நினைவு வர நெடுநேரம் ஆகவில்லை. சந்தைக்குப் போன அந்த மழைநாள். வழியில் சிவப்புக் கார் எண்ணெய் சிந்தியது. அடித்தகட்டில் ஓர் ஆணியைக் காணோம். கிளைவின் கை அந்த இடுக்கில் நுழையாது, முழங்கைவரைகூடப் போகாது. டெஸ்மண்டின் மெலிந்த கை நுழைந்தது. பணிமனைப் பையில் துழாவிக் கிடைத்த ஏதோ ஒன்றைப் போட்டு முடுக்கி, பொட்டும் வைத்து, ‘சாயங்காலம் நல்லதா மாத்திடலாம்’ என்று சொன்னது அவனே. மாலையில் சண்டை வந்தது. அந்தச் சாயங்காலம் இன்னும் வரவில்லை.

கிளைவ், பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக, மோரீனைப் பார்க்காமல் நேரே அவனைப் பார்த்துப் பேசினான்.

"டேய்... பெட்டி வாங்கினதே இந்த ஓட்டைக்குத்தானடா. சண்டையில நானே மறந்துட்டேன்."

டெஸ்மண்ட் கடைவாயை நாக்கால் துழாவினான். வாயில் வெங்காயத்தின் கடைசித் துணுக்கு இருந்தது.

ஹில்டா கழுத்துப் புத்தகத்தைப் பிரித்து, அஞ்சலகக் குரலில் முழங்கினாள்: "எதிர்ப்பு மெய். பொருத்தியவன் யாரென்று விதி கேட்கவில்லை. பொருந்தியிருப்பது எதுவென்றே கேட்கிறது. சிவப்பு கிரிம்ஷா இவ்வாண்டுக் கிண்ணத்துக்கு அருகதை இழந்தது. நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் காலத்துக்கேற்ற ஆணியைப் பொருத்தினால் பிறப்புச் சீட்டு பிழைக்கும். தவறினால் கிழிபடும். இப்போது மணி பதினொன்று முப்பத்தைந்து." பிறகு, மடித்த இருபது பவுண்டுத் தாளை டெஸ்மண்டின் கையில் திருப்பி வைத்தாள்.

கிளைவ் தன் கருவிப்பெட்டியைப் புல்லில் கவிழ்த்தான். அவன் பங்கு நாற்பத்தெட்டும் காரில் ஏறித் தீர்ந்துபோயிருந்தன. பழைய ஆணி ஒன்று இருக்கிறதா என்று வரிசை வரிசையாய் ஓடிக் கேட்டான். இருந்தவை எல்லாம் தடித்தவை அல்லது குட்டையானவை. திரும்பி வந்து காரின் மூக்கில் கை வைத்துக்கொண்டு நின்றான். பெரிய உடம்பு, நிற்கும்போதே கொஞ்சம் சிறியதாகிக்கொண்டு வந்தது.

டெஸ்மண்டின் சட்டைப்பையில் டின் கலகலத்தது. அவன் அசையவில்லை; அதுவாகவே கலகலத்ததுபோல் இருந்தது.

இங்கே நின்று ஒரு மூச்சு விட்டு, வீரனின் இக்கட்டை எண்ணிப் பாருங்கள். கிண்ணத்துக்கான நடுவர்கள் பத்து நிமிடத்தில் கறுப்புக் காரிடம் வருவார்கள். சிவப்பு வீழ்ந்துவிட்டது, எதிரி இல்லை, இறுதித் தகடு அவன் பெயருக்காக வாய் திறந்து காத்திருக்கிறது. ஆனால் நடுவர் வரும்போது சொந்தக்காரன் தன் காரின் அருகில் நின்றாக வேண்டும். நில்லாதவன் காரைப் பார்க்க மாட்டார்கள். அது மேட்டின் பழைய விதி. சும்மா நின்றால் போதும். வாழ்நாளெல்லாம் திருப்புளி பிடித்தவனுக்குச் சும்மா நிற்பதுதான் உலகத்திலேயே கடினமான வேலை.

டெஸ்மண்ட் டின்னை எடுத்தான். சணல் முடிச்சு கல்லாய் இறுகியிருந்தது. ரொட்டிக் கத்தியால் அறுத்தான். மூடி திறக்க மறுத்தது, திறந்தது. உள்ளே விரலை விட்டு எடுத்தான். பித்தளை. மறுபடி எடுத்தான். பித்தளை.

கிளைவ் எட்டிப் பார்த்தான். டின்னை வாங்கி, மோரீனின் ரொட்டிப் பலகையில் கொட்டி, கறிக்கடைக்காரனின் கண்ணால் பிரித்தான். "நாலு... அஞ்சு... ஆறு."

"சொன்னேன்ல?"

"சொன்ன."

"அப்ப ஏன்டா ஒத்துக்கல?"

"நீ கத்தினடா. கத்தினா எனக்கு எண்ண வராது."

ஹில்டா, கேட்காத காதோடு நின்றவள், அஞ்சலகத்துப் பழக்கத்தில் வாய்க்குள் கணக்குப் போட்டுவிட்டாள். "ஆறு பித்தளைக்கு ரெண்டு பவுண்டு இருபது. இதுக்கா பத்தொன்பது வருஷம்? எங்க ஆபீஸ்ல இதவிடப் பெரிய தொகைக்குத் தபால்தல தப்பா கிழிஞ்சிருக்கு."

டெஸ்மண்ட் இரும்பு ஆணி ஒன்றைப் பொறுக்கினான், பல்லில் கடித்துக்கொண்டான். திருப்புளிகள் இரண்டை இடுப்பில் செருகினான். தும்பை சூடிக் களம் புகும் மறவனெனத் தொப்பியைத் திருப்பி அணிந்து, சிவப்புக் காரின் அடியில், கால் மட்டும் வெளியே தெரிய, மறைந்தான்.

பிறகு நிகழ்ந்ததே போர். பத்தொன்பது ஆண்டு துருவைக் கவசமாய்ப் பூண்டு, மசகை அகழியாய்ச் சூழ்ந்து, நகரேன் என நின்றது நட்சத்திரம். வலம் திருப்பினான், நகைத்தது. இடம் திருப்பினான்; இருந்தது. திருப்புளி வழுக்கி விரல்முட்டி தகட்டில் மோத, குருதி ஆறாய்ப் பெருகவில்லையாயினும் இரண்டு சொட்டு விழுந்தது. எண்ணெய் ஊற்றினான். காத்திருந்தான். அது வயதானவர்கள் மட்டுமே அறிந்த போர்முறை.

அப்போது ஒலிபெருக்கி முழங்கியது: "கறுப்பு கிரிம்ஷா! உரிமையாளர் காரின் அருகே வருக!"

கூட்டம் இரண்டு கால்களைப் பார்த்தது. கால்கள் நகரவில்லை.

"விட்டுட்டுப் போடா," என்றான் கிளைவ், குனிந்து. "சீட்டு போனா போகுது."

"வெளிச்சத்த மறைக்காத. டார்ச்ச இடது பக்கம் காட்டு. உன் இடது இல்ல, என் இடது."

"கறுப்பு கிரிம்ஷா! இரண்டாம் அழைப்பு!"

மோரீன் ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டு போய்க் கறுப்புக் காரின் அருகில் நின்றாள். நடுவர்கள் வந்தார்கள், மூன்று பேர், மூன்று அட்டைகள்.

"உரிமையாளர்?"

"எங்க வீட்டுக்காரர். அதோ, அந்தச் செவப்புக் காருக்கு அடியில கிடக்கார். கால் தெரியுது பாருங்க. வலது கால்ல நாந்தான் தெச்சுக் குடுத்த ஒட்டு."

"காலைப் பார்த்து மதிப்பெண் போட விதியில்லை, அம்மணி."

"மூன்றாம் அழைப்பு!"

மூன்றாம் அழைப்பின் எதிரொலி மேட்டின் உச்சியில் முட்டித் திரும்பும் அதே கணத்தில், காருக்கு அடியிலே, முனகிக்கொண்டு, கிறீச்சிட்டு, இரும்பின் குரலில் ஒரு சாபமிட்டுக்கொண்டு, நட்சத்திரத் திருகாணி கால்சுற்று சுழன்றது. பிறகு அரை. பிறகு, தோற்றபின் எல்லாரும் எளியவரே, விரலுக்கே வந்து, வீரனின் மார்பில் விழுந்து செத்தது. வெற்றிடத்தில் ஒற்றைக் கோட்டுத் திருகாணி, நெடுநாள் வெளியூரில் கிடந்து வீடு திரும்பியவன் தன் கட்டிலில் சாய்வதுபோல, தடையின்றி ஏறி அமர்ந்தது. மணி பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருந்தது. நடுவர்கள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

வெளியே நீண்ட அவன் கை, தன்னையறியாமல் பைக்குள் சென்று மஞ்சள் சிமிழைத் தேடியது.

"பொட்டு வெச்சீங்கன்னா மறுபடியும் சீட்டப் பிடுங்குவேன்," என்றாள் ஹில்டா.

கை வெறுமையாய்த் திரும்பியது. ஹில்டா மீண்டும் சாக்கில் படுத்தாள், பார்த்தாள், வந்தாள், பிறப்புச் சீட்டில் முத்திரை குத்தினாள். சர்க்கரைக் கிண்ணத்தின் இறுதித் தகடு, லட்லோ என்னும் ஊரிலிருந்து வந்த, இருவரும் அதுவரை வணக்கம்கூடச் சொல்லியிராத ஒரு பல் மருத்துவருக்குப் போயிற்று. அவர் காரில் எல்லாமே அந்தக் காலத்தவை என்றார்கள். பார்க்கத்தான் இவ்விருவருக்கும் நேரமில்லை. கிளைவ் தன் பன்றித்தொடைக் கையை நீட்டி நம் வீரனைப் புல்லிலிருந்து தூக்கினான். முதுகெலும்புகள் மேலிருந்து கீழாய் ஒவ்வொன்றாய் வணக்கம் தெரிவித்தன.

அப்போது, அண்டமெலாம் அமைதி காக்க, செம்மறிகள் மேய்ச்சல் நிறுத்த, சாய்ந்த தொப்பியைச் சரிசெய்து, குருதி தோய்ந்த கரத்தால் அந்த இருபது பவுண்டுத் தாளை எடுத்து, நான்கு மடிப்பும் நீவி, டெஸ்மண்ட் பிக்கர்ஸ்கில் நீட்டினான்.

"இந்தா. பதினேழு அறுபது."

"பித்தளைக்கு ரெண்டு இருபது கழிச்சுக்கடா."

"கழிக்க மாட்டேன். முழுசா எடு. இல்லன்னா டின்ன மறுபடி கட்டிடுவேன்."

கிளைவ் எடுத்துக்கொண்டான். பெருமூச்சொன்று மேட்டில் எழுந்தது. பத்தொன்பது ஆண்டுச் சுமை இறங்கியது. வாகை சூட ஆளில்லாமல் வாகையும் அங்கே இல்லாமல் காலம் ஒருகணம் நின்றது.

கிளைவிடம் சில்லறை இல்லாததால், மீதி இரண்டு பவுண்டு நாற்பதுக்கு ஆளுக்கொரு டீ குடித்தார்கள்.